காற்றாடியும் ரேடியோவும்



சென்னையில் ரயில் ஏறுகிறோம். வடகிழக்கே ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர் போகிறோம். ஹவுரா வருகிறது. இது மேற்கு வங்காளத்தில் இருக்கிறது. அங்கே ஹூக்ளி ஆறு ஓடுகிறது. கங்கையின் ஒரு கிளை அது. ஆற்றின் மேற்குக் கரையில் ஹவுரா. கிழக்குக் கரையில் கொல்கத்தா. நடுவே பெரிய இரும்புப் பாலம். 1943ஆம் ஆண்டு திறந்த பாலம் அது.

ஆற்றங்கரையில் நின்றால் காற்று முகத்தில் படும். சித்திரை, வைகாசி மாதங்களில் சில நாள் மாலையில் வானம் திடீரென்று கறுக்கும். புழுதி பறக்கும். இடி முழங்கும். மழை கொட்டும். சிறிது நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். இதை வங்காளிகள் 'கால்பைசாகி' என்று சொல்கிறார்கள்.

இந்தக் காற்றுக்கு ஒரு வேலை கொடுக்க முடியுமா? மாவு மில்லை ஓட்ட வேண்டாம். ஊருக்கு விளக்கு எரிக்கவும் வேண்டாம். ஒரே ஒரு ரேடியோவைப் பேச வைக்குமா? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

'இது ஒரு பெரிய விஷயமா?' என்று கேட்கலாம். ஒரு ராத்திரி நடந்ததைக் கேளுங்கள். பிறகு சொல்லுங்கள்.

கம்பங்கள் சாய்ந்த இரவு

2020ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் தேதி. வங்கக் கடலில் இருந்து 'அம்பன்' புயல் கரை ஏறியது. ஹவுராவிலும் கொல்கத்தாவிலும் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசியது. மரங்கள் வேரோடு விழுந்தன. மின்கம்பங்கள் சாய்ந்தன. கம்பிகள் அறுந்தன. தெருக்களில் தண்ணீர் நின்றது.

ஹவுராவில் சிப்பூர் என்ற பகுதி இருக்கிறது. அங்கே 1787இல் தொடங்கிய பெரிய தாவரத் தோட்டம் ஒன்று உண்டு. அந்தத் தோட்டத்து ஆலமரம் உலகப் புகழ் பெற்றது. அதற்கு வயது 250க்கும் மேல். அடிமரமே இல்லாமல் விழுதுகளால் நிற்கிற மரம் அது. நோய் வந்ததால் அடிமரத்தை 1925இல் வெட்டி எடுத்துவிட்டார்கள். அம்பன் புயலில் அந்த ஆலமரமும் பல விழுதுகளை இழந்தது. தோட்டத்தில் இன்னும் ஏராளமான மரங்கள் சாய்ந்தன.

பல வீடுகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் டிவி இல்லை. செல்போனுக்குச் சார்ஜ் இல்லை. செல்போன் கோபுரத்துக்கும் கரண்ட் வேண்டும். அதுவும் நின்றால் கையில் இருக்கும் போன் வெறும் டப்பாதான்.

கரண்ட் போன பிறகுதான் சேதி அதிகம் தேவைப்படுகிறது. காற்று இன்னும் எவ்வளவு நேரம் வீசும்? தண்ணீர் ஏறுமா? எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்க இடம் இருக்கிறது? அடுத்த ஊரில் இருக்கும் மகள் நலமா? இதையெல்லாம் யார் சொல்வது?

இரண்டு பாட்டரி போட்ட சின்ன ரேடியோ இருந்தால் அது சொல்லும். அதற்குக் கம்பி வேண்டாம்.

சேதி வந்தால் உயிர் தப்பும்

அதே கொல்கத்தா பகுதியை 1864ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு பெரும் புயல் தாக்கியது. கடல் நீர் ஆற்றின் வழியே பாய்ந்து வந்தது. சுமார் 60,000 பேர் இறந்தார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். புயல் வருகிறது என்று முன்கூட்டிச் சொல்ல அன்று ஏற்பாடு இல்லை. அந்தப் பேரழிவும், அதன் பின் வந்த பஞ்சங்களும் ஆட்சியாளர்களை யோசிக்க வைத்தன. 1875இல் இந்திய வானிலைத் துறை தொடங்கியது.

2020இல் அம்பன் வருவது பல நாள் முன்பே தெரிந்துவிட்டது. லட்சக்கணக்கான மக்களைப் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். வீடும் பயிரும் போயின. பல உயிர்களும் போயின. ஆனாலும் 1864 போல ஆகவில்லை.

நம் ஊர்க் கதையும் உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. பாம்பனில் இருந்து போன ரயிலை அலை அடித்துக்கொண்டு போனது. தந்திக் கம்பிகள் அறுந்தன. என்ன நடந்தது என்று வெளியே தெரியவே நேரம் ஆனது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. கன்னியாகுமரி மீனவர்கள் பலர் அப்போது ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் எச்சரிக்கை கொடுத்தார்கள். அது ஆழ்கடலுக்கு எட்டவில்லை. எத்தனை வீடுகளில் இன்றும் அந்த அழுகை ஓயவில்லை!

சேதி போய்ச் சேர வேண்டும். கம்பி அறுந்தாலும் சேர வேண்டும். அதற்கு ரேடியோ வேண்டும். ரேடியோவுக்குக் கொஞ்சம் கரண்ட் வேண்டும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று பார்ப்போம்.

கம்பியில்லாமல் மணி அடித்தவர்

சிப்பூர் தோட்டத்துக்கு இன்று ஒரு பெரியவரின் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் ஆச்சாரியா ஜெகதீஷ் சந்திர போஸ். கொல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். செடி கொடிகளைப் பற்றி ஆராய்ந்தவர். அதற்கு முன்பே இன்னொரு காரியம் செய்தார்.

1895ஆம் ஆண்டு வாக்கில், கொல்கத்தா டவுன் ஹாலில் மக்கள் முன்னால் ஒரு சோதனை செய்து காட்டினார். ஓர் அறையில் ஒரு கருவி. சுவர்களுக்கு அப்பால் இன்னொரு கருவி. நடுவில் கம்பி கிடையாது. இங்கே இவர் கருவியை இயக்கினார். அங்கே மணி அடித்தது. வெடிமருந்து வெடித்தது. கண்ணுக்குத் தெரியாத அலை ஒன்று சுவர்களைக் கடந்து போய் அந்த வேலையைச் செய்தது.

அந்த அலையைத்தான் இன்று ரேடியோ அலை என்கிறோம். அலையைப் பிடிக்கும் கருவி ஒன்றுக்கு போஸ் 1904இல் அமெரிக்காவில் காப்புரிமையும் பெற்றார். 1927இல் கொல்கத்தாவில் வானொலி நிலையம் பேசத் தொடங்கியது.

ரேடியோவின் பசி

வானொலி நிலையம் ஆயிரக்கணக்கான வாட் மின்சாரம் செலவழித்து அலையை வீசுகிறது. கடினமான வேலை அங்கே நடக்கிறது. நம் வீட்டு ரேடியோ அந்த அலையைப் பிடித்துக் குரலாக்கினால் போதும். அதனால் அதற்குப் பசி குறைவு.

பழைய குண்டு பல்பு 60 வாட் எடுக்கும். சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ அளவான சத்தத்தில் பாடினால் அரை வாட் போதும்.

ஒரு கணக்குப் போடலாமா? வீட்டுக் கரண்ட் பில்லில் 'யூனிட்' என்று இருக்கிறது. ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட்-மணி. அதாவது ஆயிரம் வாட் எடுக்கும் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அரை வாட் ரேடியோ ஒரு யூனிட்டில் எத்தனை மணி நேரம் பாடும்? 2,000 மணி நேரம்! ஒரு நாளைக்கு 5 மணி நேரம் கேட்டால் 400 நாள் வரும்.

ஒரு வருடம் ரேடியோ கேட்க ஒரு யூனிட் போதும். இந்தக் கணக்கை மனதில் வையுங்கள். காற்றாடி சின்னதாக இருந்தாலும் போதும் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

மின்விசிறியைத் திருப்பிப் போட்டால்

மின்விசிறிக்குக் கரண்ட் கொடுக்கிறோம். அது சுற்றுகிறது. காற்று வருகிறது. இதையே திருப்பி யோசியுங்கள். காற்று வந்து இறக்கையைச் சுற்றுகிறது. கரண்ட் வருகிறது. அதுதான் காற்றாடி.

சைக்கிள் டைனமோ பார்த்திருப்பீர்கள். சக்கரம் உரசும். டைனமோவின் தலை சுற்றும். விளக்கு எரியும். டைனமோவுக்குள் ஒரு காந்தமும் ஒரு கம்பிச் சுருளும் இருக்கின்றன. கம்பிச் சுருளின் அருகில் காந்தம் சுற்றினால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். இதை 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தார். அவர் ஒரு கொல்லரின் மகன். ஏழை. சிறு வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பார்த்தார். பைண்டு செய்ய வந்த புத்தகங்களைப் படித்தே அறிவு வளர்த்தவர்.

சைக்கிள் டைனமோவை மிதித்துச் சுற்றுவது நம் கால். காற்றாடியைச் சுற்றுவது காற்று. மற்றபடி இரண்டும் ஒன்றுதான்.

அமெரிக்கக் குடியானவர்களின் காற்றாடி

இது புதிய யோசனை அல்ல. 1930களில் அமெரிக்காவில் பெரிய நகரங்களில் கரண்ட் இருந்தது. கிராமங்களில் இல்லை. பத்துப் பண்ணை வீடுகளில் ஒன்பதுக்குக் கரண்ட் கிடையாது. ஆனால் எல்லோருக்கும் ரேடியோ கேட்க ஆசை. தானிய விலை தெரிய வேண்டும். மழை வருமா என்று தெரிய வேண்டும்.

அன்றைய ரேடியோவில் கண்ணாடி வால்வுகள் இருந்தன. அவை கரண்டை நிறையக் குடிக்கும். பாட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். கனமான பாட்டரியை வண்டியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் செய்து வர வேண்டும். நம் ஊரில் நெல்லை மில்லுக்குத் தூக்கிப்போவது போல.

அயோவா என்ற மாநிலத்தில் ஆல்பர்ஸ் என்ற குடும்பத்துச் சகோதரர்கள் இருவர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கூரை மேல் ஒரு சின்னக் காற்றாடி வைத்தார்கள். அது 6 வோல்ட் பாட்டரியைச் சார்ஜ் செய்தது. பாட்டரி ரேடியோவை ஓட்டியது. அதற்கு 'விண்ட்சார்ஜர்' என்று பெயர். ஜெனித் என்ற ரேடியோ கம்பெனி 1935இல் இவர்களோடு கூட்டுச் சேர்ந்தது. ரேடியோ வாங்கினால் காற்றாடி மலிவாகக் கிடைத்தது. ஏராளமான பண்ணை வீடுகளில் அது சுற்றியது.

பிறகு அரசு கிராமங்களுக்குக் கம்பி இழுத்தது. காற்றாடிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஆனால் ஒரு பாடம் நின்றுபோகவில்லை. ரேடியோவுக்கும் சின்னக் காற்றாடிக்கும் ஜோடிப் பொருத்தம் சரி.

நூலகம் போன பையன்

இன்னொரு கதை ஆப்பிரிக்காவில் நடந்தது. மலாவி என்ற நாடு. அங்கே வில்லியம் கம்குவாம்பா என்ற பையன். குடியானவர் வீட்டுப் பிள்ளை. 2001ஆம் ஆண்டு மழை பொய்த்தது. அடுத்து பஞ்சம் வந்தது. பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வழியில்லை. பையனின் படிப்பு நின்றது.

அவன் சும்மா இருக்கவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்து நூலகத்துக்குப் போனான். அங்கே ஒரு புத்தகத்தில் காற்றாடிகளின் படம் இருந்தது. அது ஆங்கிலப் புத்தகம். அவனுக்கு ஆங்கிலம் சரியாக வராது. படத்தைப் பார்த்தான். படத்தின் கீழே உள்ள எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தான். தெரியாத சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

குப்பை மேட்டில் பொருள் தேடினான். அப்பாவின் பழைய சைக்கிளைக் கேட்டு வாங்கினான். டிராக்டர் விசிறி ஒன்று கிடைத்தது. பிளாஸ்டிக் குழாயைச் சூடு காட்டித் தட்டையாக்கி இறக்கை செய்தான். சைக்கிள் டைனமோவைப் பொருத்தினான். மரக்கம்புகளைக் கட்டிக் கோபுரம் எழுப்பினான். ஊரார் அவனைப் பைத்தியம் என்றார்கள்.

2002இல் காற்று வந்தது. இறக்கை சுற்றியது. பல்பு எரிந்தது. ரேடியோவும் பாடியது. சிரித்தவர்களே செல்போன் சார்ஜ் செய்ய வரிசையில் வந்து நின்றார்கள். அப்போது அவனுக்கு வயது 14. பின்னால் அவன் மீண்டும் படித்தான். அவன் கதை 2009இல் புத்தகமாக வந்தது. 2019இல் சினிமாவாகவும் வந்தது.

இதைக் கேட்கும் உங்களுக்கு ஒன்று தோன்றும். எழுத்துக் கூட்டிப் படிப்பது சின்ன வேலை இல்லை. அந்தப் பையன் அப்படித்தான் தொடங்கினான்.

காற்றின் கணக்கு

'அப்படியானால் ஹவுராவில் ஒவ்வொரு வீட்டிலும் காற்றாடி வைக்கலாமே?' என்று கேட்பீர்கள். அவசரப்படக் கூடாது. முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்.

காற்றுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அதன் வேகம் இரண்டு மடங்கானால் அதன் சக்தி எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒன்றாகிவிடும்.

ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுற்றும் காற்றாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரு கைகளையும் விரித்தால் வரும் அகலத்தைவிடக் குறைவுதான். காற்று மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் ஏறத்தாழ 20 வாட் கிடைக்கலாம். அதே காற்று மணிக்கு 11 கிலோமீட்டராகக் குறைந்தால் இரண்டு மூன்று வாட்தான் கிடைக்கும். அதற்கும் கீழே போனால் பல காற்றாடிகள் அசையவே அசையாது.

தமிழ்நாட்டில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அங்கே மலைக் கணவாய் வழியே காற்று சீறி வருகிறது. அதனால்தான் அங்கே நூற்றுக்கணக்கான பெரிய காற்றாலைகள் நிற்கின்றன. மேற்கு வங்காளத்தில் கடலோரம் ஃபிரேசர்கஞ்ச் என்ற இடத்தில் காற்றாலைகள் நிறுவினார்கள். அங்கே கடல் காற்று வருகிறது.

ஹவுரா அப்படி இல்லை. நெருக்கமான ஊர். வீடுகளும் ஆலைகளும் மரங்களும் காற்றை மறிக்கின்றன. கூரை உயரத்தில் பல நாள் காற்று மெல்லத்தான் வீசும். குளிர்காலத்தில் இன்னும் குறைவு. ஆகவே ஹவுராவில் காற்றாடியை நம்பி வீட்டு மின்விசிறியை ஓட்ட முடியாது. ஆனால் ரேடியோவை?

மூன்று வாட் கரண்ட் 8 மணி நேரம் கிடைத்தால் 24 வாட்-மணி ஆகும். அதில் பாதி வழியிலேயே வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 12 வாட்-மணி. அரை வாட் ரேடியோ அதில் 24 மணி நேரம் பாடும். ஒரு நாள் காற்றுக்கு ஐந்து நாள் ரேடியோ! நாலு நாள் காற்றே இல்லாவிட்டாலும் கவலை இல்லை. ஆனால் கிடைத்த கரண்டைச் சேர்த்து வைக்கத் தெரிய வேண்டும்.

சிறுவாட்டுப் பணம் போல

நம் பெண்கள் அடுக்களை டப்பாவில் சிறுவாடு சேர்ப்பார்கள். இன்று இரண்டு ரூபாய், நாளை ஐந்து ரூபாய். ஒரு நாள் குழந்தைக்குக் காய்ச்சல் வரும். கையில் காசு இருக்காது. அப்போது அந்த டப்பாதான் கைகொடுக்கும்.

பாட்டரியும் அப்படித்தான். காற்று வீசும்போது சேர்த்து வைக்கும். காற்று இல்லாதபோது கொடுக்கும்.

இங்கே பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. 'புயல் வந்தால் காற்று பலமாக வீசுமே, காற்றாடி வேகமாகச் சுற்றுமே, கரண்ட் நிறைய வருமே' என்று நினைப்பார்கள். அது ஆபத்து. மணிக்கு 100 கிலோமீட்டர் காற்றில் இறக்கை பிய்ந்து பறக்கும். ஆளை வெட்டும். புயல் எச்சரிக்கை வந்ததுமே காற்றாடியைக் கீழே இறக்கிக் கட்டிவிட வேண்டும். புயல் ராத்திரியில் ரேடியோவைப் பேச வைப்பது புயல் காற்று இல்லை. அதற்கு முந்தைய நாட்களில் வீசிய இளங்காற்று. அது சேர்த்து வைத்த சிறுவாடு.

கவனிக்க வேண்டியவை

காற்றாடி வைக்க நினைப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, இடம். மரத்துக்கும் மாடிக்கும் நடுவில் வைத்தால் காற்று சுழன்று சுழன்று வரும். காற்றாடி திணறும். சுற்றியுள்ளவற்றைவிட உயரமான இடம் வேண்டும்.

இரண்டாவது, கம்பம். நாலு பக்கமும் இழுத்துக் கட்ட வேண்டும். மின்சார வாரியத்தின் கம்பிக்குப் பக்கத்தில் கம்பம் நடவே கூடாது. விழுந்தால் உயிர் போகும்.

மூன்றாவது, டயோடு. இது கரண்டை ஒரே பக்கம் மட்டும் போகவிடும் சின்னப் பொருள். ஒருவழிக் கதவு என்று சொல்லலாம். சைக்கிள் டைனமோவின் கரண்ட் முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும். பாட்டரிக்கு ஒரே திசையில் ஓடும் கரண்ட் வேண்டும். டயோடுகள் அதைச் சரிசெய்யும். காற்று நின்றபோது பாட்டரியில் உள்ள கரண்ட் திரும்ப ஓடிவிடாமலும் தடுக்கும்.

நான்காவது, பாட்டரி. நிறைந்த பிறகும் சார்ஜ் செய்தால் கெட்டுப்போகும். அதைத் தடுக்க ஒரு கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். ஆசிட் பாட்டரியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், காற்றோட்டமாக வைக்க வேண்டும். அருகில் பீடி, தீப்பெட்டி கூடாது.

ஐந்தாவது, சூரியத் தகடு. ஹவுரா போன்ற ஊரில் காற்றைவிட வெயில் நம்பிக்கையானது. சின்னச் சூரியத் தகடு விலையும் குறைவு. அதில் சுற்றுகிற பாகம் இல்லை. தேய்மானம் குறைவு. அப்படியானால் காற்றாடி எதற்கு? ராத்திரி வெயில் இல்லை. மழைக்கால மேகத்தில் வெயில் மங்கும். அப்போதும் காற்று வீசலாம். ஒன்று ஓய்ந்தால் மற்றது உழைக்கும். வீட்டில் இரண்டு பேர் சம்பாதிப்பது போல. நீண்ட கடல் பயணம் போகும் பாய்மரப் படகுகள் பலவற்றில் இந்த இரண்டையும் வைக்கிறார்கள். விளக்கும் ரேடியோவும் அதில் ஓடுகின்றன.

வெட்டவெளியில் நிற்கும் கருவிகள்

ஆள் இல்லாத இடத்திலும் ரேடியோக் கருவிகள் வேலை செய்கின்றன. இந்திய வானிலைத் துறை நாடெங்கும் தானியங்கி வானிலை நிலையங்களை வைத்திருக்கிறது. ஒரு கம்பம். அதில் மழை, காற்று, வெப்பம் அளக்கும் கருவிகள். ஒரு சூரியத் தகடு. ஒரு பாட்டரி. அந்தக் கம்பம் தானாகவே அளந்து, ரேடியோ அலை வழியே சேதி அனுப்புகிறது.

இவை எப்படிக் கொஞ்சம் கரண்டில் காலம் தள்ளுகின்றன? தூங்கித் தூங்கித்தான். இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு கருவி ஒரு மணிக்கு ஒரு தடவை விழிக்கிறது. 5 வாட் செலவில் 10 விநாடி பேசுகிறது. மறுபடி தூங்குகிறது. ஒரு நாள் முழுக்க அது பேசுவதற்கு ஆகும் செலவு ஒரு வாட்-மணியில் மூன்றில் ஒரு பங்குதான்! வெயில் மங்கும் மலை முகடுகளிலும் தீவுகளிலும் இப்படிப்பட்ட கருவிக்கு ஒரு முழம் அகலமுள்ள காற்றாடியும் துணை நிற்கும்.

பேசும் ரேடியோக்களும் இருக்கின்றன. அமெச்சூர் ரேடியோ அல்லது ஹாம் ரேடியோ என்பார்கள். இதில் நாமும் பேசலாம், எதிரில் இருப்பவரும் பேசலாம். 1999 அக்டோபரில் ஒரிசாவில் பெரும்புயல் அடித்தது. தொலைபேசி இல்லை. கரண்ட் இல்லை. அப்போது ஹாம் ரேடியோக்காரர்கள்தான் பல சேதிகளை வெளியே அனுப்பினார்கள்.

மேற்கு வங்காளத்தில் தைப் பிறப்பு நாளில் சாகர் தீவில் கங்காசாகர் மேளா நடக்கிறது. லட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள். பலர் ஹவுரா ஸ்டேஷனில் இறங்கித்தான் போகிறார்கள். அந்தக் கூட்டத்தில் வயதானவர்கள் வழி தவறுகிறார்கள். ஊர் பேர் சொல்லத் தெரியாமல் தவிக்கிறார்கள். அவர்களை வீட்டாரிடம் சேர்க்கும் வேலையை ஹாம் ரேடியோக்காரர்கள் செய்து வருகிறார்கள்.

இந்தக் கைக்கருவி சேதி கேட்கும்போது அரை வாட்டுக்கும் குறைவாக எடுக்கும். பேசும்போது 10 வாட்டுக்கும் மேல் எடுக்கும். அதனால் அவர்கள் சுருக்கமாகப் பேசப் பழகியிருக்கிறார்கள். நிறையக் கேட்பார்கள். கொஞ்சம் பேசுவார்கள்.

ரேடியோ கேட்க இன்று யாருக்கும் லைசென்சு வேண்டாம். ஆனால் ஹாம் ரேடியோவில் பேச அரசு லைசென்சு வேண்டும். அதற்கு ஒரு பரீட்சை உண்டு. 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

இன்றே செய்யலாம்

காற்றாடி செய்ய நாள் ஆகலாம். இன்று செய்யக்கூடியவை இருக்கின்றன.

வீட்டில் ஒரு பழைய டிரான்சிஸ்டர் தூசி படிந்து கிடக்கிறதா? எடுத்துத் துடையுங்கள். பாட்டரி போட்டுப் பாருங்கள். பாடினால், வேலை முடிந்ததும் பாட்டரியைக் கழற்றி வையுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து ரேடியோவைக் கெடுக்கும். மாற்றுப் பாட்டரி இரண்டு வாங்கி வையுங்கள். உங்கள் ஊர் நிலையம் எந்த எண்ணில் பேசுகிறது என்று கண்டுபிடித்து, ஒரு காகிதத்தில் எழுதி ரேடியோவின் பின்னால் ஒட்டுங்கள். உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

கற்றல் மையத்தில் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு பழைய சைக்கிள் டைனமோவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கையால் சுற்றிப் பாருங்கள். விளக்கு எரியும். பிறகு இறக்கை பற்றிப் பேசுங்கள். பள்ளிக்கூட அறிவியல் ஆசிரியரைக் கூப்பிடுங்கள். ஊரில் காற்று எந்த மாதம், எந்தத் திசையில், எவ்வளவு வீசுகிறது என்று ஒரு வருடம் நோட்டில் குறித்து வையுங்கள். ஒரு கம்பில் துணியைக் கட்டினால் போதும். துணி தொங்குகிறதா, அசைகிறதா, விறைத்துப் பறக்கிறதா என்று தினமும் எழுதலாம். காற்றாடி வைக்கலாமா வேண்டாமா என்று அந்த நோட்டு சொல்லும்.

ஹவுராவில் இன்றும் ஆற்றங்காற்று வீசிக்கொண்டுதான் இருக்கிறது. சிப்பூர் ஆலமரம் புதிய விழுதுகளை இறக்குகிறது. வங்கக் கடலில் இன்னொரு புயல் வரத்தான் போகிறது. அது ஹவுராவுக்கு வரலாம். நாகப்பட்டினத்துக்கு வரலாம். அன்று ராத்திரி கரண்ட் போகும். இருட்டில் குழந்தைகள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொள்ளும். அப்போது திண்ணை மூலையில் ஒரு ரேடியோ பேச வேண்டும். 'பயப்படாதீர்கள், இன்ன இடத்துக்குப் போங்கள்' என்று சொல்ல வேண்டும்.

அந்தக் குரலுக்கு வேண்டியது அரை வாட். அதை இன்றிலிருந்தே சேர்ப்போம்.